1947-ல் யார் தலையிலும் கை வைக்கவில்லையா?

நாசரேத் பேரன்:
சபைகள் இணைவது வெறும் நிர்வாக வேலையாம், ஆவிக்குரிய ஐக்கியம் கண்ணுக்குத் தெரியாதாம். ஒருவர் இன்று காலையில் இப்படி எழுதித் தள்ளியிருக்கிறார். சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று பேராயர் (பிஷப்) உள்ள ஆங்கிலிக்கன், பேராயர் இல்லாத மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது யார் கண்ணுக்குத் தெரியவில்லை? ஒரு போதகருக்குக்கூட மறுபடி தலையில் கைவைத்துப் பட்டம் கொடுக்கவில்லை, உன் ஊழியம் செல்லாது என்று யாரையும் தள்ளவில்லை. இதற்கு மேல் என்ன ஆவிக்குரியது வேண்டும்?

தரங்கை லுத்தரன்:
கை வைக்கவில்லையாம்! ஸ்காட்லாந்து சபையின் பிரஸ்பிட்டேரியன் மிஷனரி லெஸ்லி நியூபிகின் அதே நாளில் மதுரை-ராமநாதபுரம் பேராயர் ஆனது எப்படி, கும்பிடு போட்டா?

நாசரேத் பேரன்:
அது பேராயர் பட்டம் ஐயா. நான் எழுதியது போதகர்களைப் பற்றி. வாசித்துவிட்டு வாங்க.

தரங்கை லுத்தரன்:
கை கைதானே. பேராயர் இருந்தே ஆகணும் என்று ஆங்கிலிக்கர் பிடித்த பிடிவாதத்தில் பேச்சுவார்த்தை எத்தனை வருஷம் இழுத்தது?

மேலறை:
ஸ்தோத்திரம். எபேசியர் 4:3 ஆவியின் ஒருமையைக் காத்துக்கொள்ளச் சொல்கிறது, கமிட்டி போட்டு உண்டாக்கச் சொல்லவில்லை. ஆவியானவர் இருக்கும் இடத்தில் பிஷப் எதற்கு?

நாசரேத் பேரன்:
வந்துட்டாரு. இரண்டு வசனம் தள்ளி "ஒரே ஞானஸ்நானமும்" என்று இருக்கிறதே பிரதர், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற எங்கள் ஆட்களைக் கூட்டிப்போய் மறுபடி முக்குகிறீர்களே, அது எந்த ஒருமை? போன மாசமும் இதைக் கேட்டதும் ஆளைக் காணோம்.

மேலறை:
தெளித்தது ஞானஸ்நானமே இல்லை, அப்புறம் எப்படி "மறுபடி"? எனக்கு அன்றைக்கு உபவாச ஜெபம்.

தரங்கை லுத்தரன்:
தண்ணீர்ச் சண்டையை அப்புறம் போடுங்க. ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்கள் பலர் சேரமாட்டோம் என்று ஏன் வெளியே நின்றார்கள்? உலக ஆங்கிலிக்கப் பேராயர்கள் கூடிய 1948 லாம்பெத் மாநாடு புதிய சபையோடு முழு ஐக்கியத்துக்கு ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? பேராயர் கைவைத்துப் பட்டம் கொடுக்காத, அவர் கை படாத போதகர்கள் உள்ளே இருந்ததால்!

நாசரேத் பேரன்:
நீங்களே சொல்லிட்டீங்க! கை படாத போதகர்கள் உள்ளே இருந்தார்கள், அதைத்தான் முதல் வரியிலிருந்து கத்துகிறேன். சரி, 1919 மே மாதம் ஆங்கிலிக்கப் பேராயரான அசரியா அத்தியட்சரும் மற்றவர்களும் ஐக்கிய அறிக்கை விட்டது எங்கே? லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய உங்கள் தரங்கம்பாடியில். அழைப்பு உங்கள் ஊரிலிருந்து போச்சு, நீங்கள்தான் வரவில்லை.

தரங்கை லுத்தரன்:
பந்தல் போட இடம் கொடுத்தால் பெண்ணையும் கொடுக்கணுமா? நியூபிகின் தலையில் கை வைத்தார்களா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

சும்மா வாசிப்பவன்:
"அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்" என்று தென்னிந்தியத் திருச்சபைச் சின்னத்தில் போட்டுக்கொண்டு திருமண்டல (பேராயரின் ஆளுகைப் பகுதி) தேர்தலுக்கு நீதிமன்றப் படி ஏறுகிறவர்களைப் பற்றியும் பேசலாமே?

நாசரேத் பேரன்:
அதற்குத் தனி இழை திறங்க. பேராயர் வேறு, போதகர் வேறு, நூறு தரம் சொல்லியாச்சு. இணையும்போதே எழுதிவைத்தார்கள்: பழைய போதகர்கள் அப்படியே தொடரலாம், பிடிக்காத ஊழியரை எந்தச் சபைமேலும் திணிக்கக்கூடாது. பயந்தவன் அப்படி எழுதுவானா?

தரங்கை லுத்தரன்:
நம்பினவன் எழுதுவானா? நந்தியாலுக்குப் பதில் எங்கே?

நாசரேத் பேரன்:
நாளைக்கு ஆராதனை முடிந்து வந்து நந்தியாலையும் பார்க்கிறேன். அதுவரை யாரும் இழையைப் பூட்டாதீங்க.