ஊடையில் (குறுக்கு நூலில்) மூன்று நிறம் சாயம் போட்டால் நடுவில் பட்டை விழுகிறது. குறை சாயத்திலா, தறியிலா?

ஜலகண்டபுரம் தறி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஜலகண்டபுரம் பக்கம் நாங்கள் இரண்டு குழித்தறி வைத்திருக்கிறோம். ரொம்ப நாளாக வேட்டியும் துண்டும்தான். மாமனார் பவானியில் ஜமக்காளம் நெய்து பழகியவர் என்பதால், போன வருடம் ஒரு தறியைத் தரைவிரிப்புக்கு மாற்றினோம்.

இப்போது ஏற்காட்டில் உள்ள ஒரு தங்கும் விடுதியிலிருந்து வேலை வந்திருக்கிறது. 4 அடி அகலத்தில் 12 விரிப்பு, கட்டிலோரம் போட 2 அடி அகலத்தில் 20. வழக்கமான ஜமக்காளப் பட்டை வேண்டாம் என்கிறார்கள். காலையில் மூடுபனிக்குள் சில்வர் ஓக் மரமும் காப்பிச் செடியும் தெரிவது போல நிறம் கலந்து கலந்து வர வேண்டுமாம். கேட்டதும் எனக்கே ஆசையாகிவிட்டது.

நாலு இழை சேர்த்து முறுக்கிய மொத்தமான பருத்தி நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, சாயப்பட்டறையில் கொடுத்து, ஒவ்வொரு சிட்டத்தையும் மூன்று பாகமாகத் தோய்த்து வாங்கினோம். ஒரு பாகம் பச்சை, ஒரு பாகம் சாம்பல், ஒரு பாகம் காப்பிக் கொட்டை நிறம். இதை நாடாவுக்குள் வைக்கும் தாரில் (சின்னக் குழலில்) சுற்றி ஊடையாக ஓட்டினால் நிறம் தானாகச் சிதறி விழும் என்று நினைத்தேன்.

விழவில்லை. 4 அடி விரிப்பில் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மேல் சுத்தச் சாம்பல், ரோடு போட்ட மாதிரி நிற்கிறது. இரண்டு பக்கமும் பச்சையும் காப்பியும் மயிரிழைக் கோடுகளாக நெடுக்கே ஓடுகின்றன. தார் மாற்றினால் நடுவில் சாம்பலுக்குப் பதில் காப்பி நிறம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில இடங்களில் பட்டையின் ஓரம் நேராக நிற்காமல் நாக்கு நாக்காகச் சாய்கிறது. 2 அடி விரிப்பில் இதே சாம்பல் வலது ஓரத்துக்குப் போய்விட்டது.

இன்னொன்று. சாம்பல் நூல் சிட்டமாக இருந்தபோது சுத்தமான சாம்பல்தான். தறியில் பச்சைக்குப் பக்கத்தில் வந்ததும் ரோஸ் ஏறியது போலத் தெரிகிறது. சாயக்காரர் கலப்படம் செய்துவிட்டார் என்று வீட்டில் ஒரே சண்டை. 40 கிலோ நூல் தோய்த்துவிட்டோம். என்ன செய்வதென்று தெரியவில்லை. படித்தவர்கள், பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

மேச்சேரி நெசவு எழுதியது:

மூன்று நிறத்தையும் சம அளவில் தோய்த்ததுதான் தப்பு, அக்கா. ஒன்றைச் சின்னதாக, ஒன்றைப் பெரிதாகத் தோய்க்கச் சொல்லுங்கள். கலைந்துவிடும்.

---

அம்மாபேட்டை சாயம் எழுதியது:

சாயக்காரரிடம் சண்டை போடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள், அம்மா. ஒரு வெள்ளை அட்டையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை போட்டு, சாம்பல் மட்டும் தெரிகிற மாதிரி விரிப்பின் மேல் வையுங்கள். அப்போதும் ரோஸ் தெரிந்தால் சாயக் குறை. தெரியாவிட்டால் அவர் மேல் பழி இல்லை. டியூப் லைட்டில் பார்க்க வேண்டாம். காலை பத்து மணி வாக்கில் வாசலில், நேர் வெயில் படாத இடத்தில் பாருங்கள். குண்டு பல்பு, டியூப், பகல் வெளிச்சம் மூன்றிலும் மூன்று விதமாகத் தெரிகிற சாயங்கள் உண்டு. அந்த விடுதி அறைகளில் என்ன விளக்கு என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழைய மாணவன், சேலம் எழுதியது:

நான் சேலத்து இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவன். பதில் சொல்வதற்கு முன் இரண்டு அளவு வேண்டும், அக்கா.

முதலாவது, சாயம் போட்ட நூலைத் தரையில் நீட்டி, ஒரு பச்சை தொடங்கும் இடத்திலிருந்து அடுத்த பச்சை தொடங்கும் இடம் வரை எத்தனை அங்குலம் என்று அளங்கள். இரண்டாவது, நெய்த 4 அடி விரிப்பிலிருந்து ஒரே ஒரு ஊடையைப் பிரித்தெடுத்து, சுருக்கம் நீங்க நீவி, நீளம் பாருங்கள். 48 அங்குலம் இருக்காது, கூடவே இருக்கும்.

---

ஜலகண்டபுரம் தறி எழுதியது:

அளந்துவிட்டேன், தம்பி. நிறம் திரும்பி வருவது 54 அங்குலம். சில இடத்தில் கால் அங்குலம் குறைகிறது. பிரித்த ஊடையும் 54 அங்குலம்! இரண்டு மூன்று பிரித்துப் பார்த்தேன், அதேதான். 2 அடி விரிப்பில் ஒரு ஊடை 27.

ஐயா சொன்ன அட்டைச் சோதனையும் செய்தேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் சுத்தச் சாம்பல். அட்டையை எடுத்தால் ரோஸ். நாலு தடவை வைத்து எடுத்துப் பார்த்தேன், நம்பவே முடியவில்லை.

---

பழைய மாணவன், சேலம் எழுதியது:

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. குறை சாயத்திலும் இல்லை, தறியிலும் இல்லை, இரண்டு நீளங்கள் ஒத்துப்போனதில் இருக்கிறது.

சிட்டம் போடும் ராட்டையின் சுற்றளவு ஒன்றரை கஜம், அதாவது 54 அங்குலம். 840 கஜச் சிட்டத்துக்கு 560 சுற்று என்று நம் பெரியவர்கள் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். சிட்டத்தை மூன்று பாகமாகத் தோய்த்தால் 18 அங்குலம் பச்சை, 18 சாம்பல், 18 காப்பி, மறுபடி பச்சை என்று நூல் போகும்.

இப்போது ஊடையை இழுத்துப் போகும் நாடாவோடு கூடவே போங்கள். இடமிருந்து வலம் ஓடும்போது பச்சை, சாம்பல், காப்பி என்று மூன்றும் சரியாக விழுந்து 54 அங்குலமும் தீர்ந்துவிடுகிறது. திரும்பி வரும்போது நூல் மறுபடி பச்சையில் தொடங்குகிறது, ஆனால் இந்தத் தடவை வலது ஓரத்திலிருந்து. ஆக இடது பக்கம் ஒரு ஊடை பச்சை, ஒரு ஊடை காப்பி. வலது பக்கம் ஒரு ஊடை காப்பி, ஒரு ஊடை பச்சை. நடுவில் மட்டும் போகும்போதும் சாம்பல், வரும்போதும் சாம்பல். உங்கள் ரோடு அதுதான். தார் மாற்றும்போது நூல் வேறு நிறத்தில் தொடங்கினால் நடுவில் வேறு நிறம் வருகிறது.

2 அடியில் ஒரு ஊடை 27, போய் வர 54. அங்கே மடிப்பு விழும் இடம் ஓரம் என்பதால் சாம்பல் வலது ஓரத்துக்குப் போனது. நாக்கு நாக்காகச் சாய்வது அந்தக் கால் அங்குல வித்தியாசத்தால். ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கூடிவிடுகிறது.

மயிரிழைக் கோட்டுக்கும் காரணம் இருக்கிறது. ஜமக்காள நெசவில் ஊடை பாவை (நெடுக்கு நூலை) முழுக்க மூடிவிடும். ஒற்றைப்படை ஊடை ஒரு பாவு இழையின் மேலும், இரட்டைப்படை ஊடை பக்கத்து இழையின் மேலும் ஏறும். ஒன்று பச்சை, ஒன்று காப்பி என்று மாறி மாறி ஓட்டினால் நெடுக்கே கோடு விழுந்தே தீரும்.

மேச்சேரி நண்பருக்கு: பாகங்களைப் பெரிதும் சிறிதுமாகத் தோய்த்தால் பட்டையின் அகலம்தான் மாறும். நிறம் திரும்பி வரும் நீளம் அதே 54. பட்டை போகாது.

கையில் இருக்கும் 40 கிலோவுக்கு ஒரு வழி: அகலத்தை மாற்றுங்கள். 40 அங்குல அகலம் வைத்தால் உங்கள் சுருக்கக் கணக்குப்படி (48-க்கு 54) ஊடை 45 அங்குலம், போய் வர 90. அதில் 54 போக மீதி 36. அதாவது ஒவ்வொரு சுற்றிலும் நூல் சரியாக இரண்டு நிறம் தள்ளித் தொடங்கும். மூன்று சுற்றில் விரிப்பின் எந்த இடத்தை எடுத்தாலும் பச்சை, சாம்பல், காப்பி மூன்றும் சம அளவில் விழுந்திருக்கும். அச்சில் (பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பில்) பாவைக் குறைத்து அரை அடி மட்டும் நெய்து பாருங்கள்.

---

பவானிக்காரர் எழுதியது:

தம்பி கணக்கு சரியாகத்தான் சொல்கிறார். நான் வேறு ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள் அம்மா. பனிக்குள் மரம் தெரிகிற மாதிரி வேண்டும் என்றால் சிட்டத்தைத் துண்டு துண்டாகத் தோய்ப்பதை விட்டுவிடு. மூன்று நிறத்தையும் தனித்தனியாக முழுச் சிட்டமாகத் தோய்த்துவிட்டு, முறுக்கும்போது கல.

நீ நாலு இழை சேர்த்துத்தானே முறுக்குகிறாய்? நாலும் பச்சை ஒரு நிறம். மூன்று பச்சை, ஒரு சாம்பல் இன்னொன்று. இரண்டுக்கு இரண்டு வேறொன்று. இரண்டு பச்சை, ஒரு சாம்பல், ஒரு காப்பி அது தனி. இப்படி எண்ணிக்கொண்டே போனால் மூன்று சாயத்தில் 15 நிறம் கிடைக்கும். எண்ணிப் பார். எத்தனையோ தடவை விரலை மடக்கி எண்ணியிருக்கிறேன்.

இந்தப் பதினைந்தையும் அடுத்தடுத்து வைத்தால் பச்சை மெல்ல மெல்லச் சாம்பலுக்குள் கரையும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு நிறம் என்று மாற்றாதே, மறுபடியும் படிக்கட்டு மாதிரி பட்டை தெரியும். ஆறு ஊடை பழைய நிறம், இரண்டு புதியது. அப்புறம் நாலுக்கு நாலு. அப்புறம் இரண்டு பழையது, ஆறு புதியது. இப்படி ஒன்றை ஒன்றுக்குள் நுழைத்து நெய்ய வேண்டும். நாடா மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், கை வலிக்கும். ஆனால் அந்த வேலைக்கு ஒரு அழகு உண்டு.

ஒற்றை ஊடையாக மட்டும் நிறத்தை மாற்றாதே. தம்பி சொன்ன மயிரிழைக் கோடு வந்துவிடும். இரண்டு இரண்டாகவே மாற்று.

முறுக்கு மிக முக்கியம். தளர்ந்த முறுக்காக இருந்தால் ஒரு நிறம் மேலே நீளமாகக் கிடந்து திட்டுத் திட்டாகத் தெரியும். முறுக்கு கூடினால் கடுகு தூவினது போலப் பொடிப் பொடியாகக் கலக்கும். முறுக்காமல் நாலு இழையைச் சேர்த்து அப்படியே தாரில் சுற்றுகிறவர்களும் உண்டு. அதில் எந்த நிறம் மேலே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இரண்டு பேர் நெய்தால் இரண்டு விரிப்பு.

---

கம்பள ஆலை மெக்கானிக் எழுதியது:

நான் வடக்கே வில்டன் கம்பள ஆலையில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓமலூரில் இருக்கிறேன். எங்கள் தறியில் மேலே நிற்கும் குச்ச நூல் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டத்திலிருந்து வரும். ஐந்து சட்டம் என்றால் ஐந்து நிறம்தான். வாங்குகிறவர் பத்துப் பன்னிரண்டு நிறம் கேட்பார். பக்கத்துப் பக்கத்துக் குச்சங்களில் இரண்டு நிறத்தைச் சதுரங்கக் கட்டம் போல மாற்றி வைப்போம், தூரத்தில் நின்று பார்த்தால் மூன்றாவது நிறமாகத் தெரியும். ஒரே சட்டத்திலேயே கம்பளத்தின் இந்தப் பகுதிக்கு ஒரு நிறம், அந்தப் பகுதிக்கு வேறு நிறம் என்று நூலை மாற்றி நடுவதும் உண்டு. வளையமாக விட்ட குச்சத்தைவிட வெட்டிவிட்ட குச்சம் கருமையாகத் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் நூல் நுனிகளுக்குள் புகுந்து திரும்பாது. ஒரே சாயத்தில் இரண்டு நிறம் கிடைத்துவிடும். இது ஜமக்காளத்துக்கு உதவாது, தெரிந்துகொள்ளட்டும் என்று சொன்னேன்.

ஆனால் நூலின் நீளத்தில் நிறம் போட்டுக் கணக்காக நெய்வது பழைய வித்தைதான். 1832-இல் எடின்பரோவில் ரிச்சர்ட் விட்டாக் என்பவர், குச்ச நூலைப் பெரிய உருளையில் சுற்றி அதன் மேலேயே நிறம் அச்சடித்தார். நெய்யும்போது நூல் வளையத்தில் சுருங்கும் அல்லவா? அதைக் கணக்கிட்டு, பூவை நீளமாக இழுத்து அச்சடித்துக்கொள்வார்கள். நெய்து முடித்தால் பூ சரியான அளவுக்கு வந்து உட்காரும். நீங்கள் தெரியாமல் செய்ததை அவர் தெரிந்து செய்தார், அவ்வளவுதான்.

---

அம்மாபேட்டை சாயம் எழுதியது:

அந்த ரோஸ் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பட்டறையில் இது அடிக்கடி வருகிற சண்டை. பிரான்சு நாட்டில் கோபெலின் என்ற அரச நெசவுக்கூடத்தில் 1824-இல் செவ்ரூல் என்ற வேதியியலாளர் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்தார். கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார். அவர் மற்ற ஊர்க் கறுப்பு நூல்களையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கறுப்பில் குறை இல்லை. பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கலாகக் காட்டின. 1839-இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். பச்சைக்குப் பக்கத்தில் சாம்பலை வைத்தால் கண் தானாக அதில் சிவப்பைச் சேர்த்துக்கொள்ளும். அடுத்த தடவை சாம்பலில் துளி பச்சை சேர்த்துத் தோய்க்கச் சொல்லுங்கள், நெய்த பிறகு சுத்தச் சாம்பலாகத் தெரியும். காப்பி நிறத்தில் சிவப்பை அதிகம் ஏற்ற வேண்டாம். சிவப்பும் பச்சையும் ஒரே முறுக்கில் சேர்ந்தால் தூரத்தில் சேற்று நிறமாகிவிடும்.

தண்ணீரையும் பாருங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். சோடா போட்டதும் அது பொடியாகத் திரிந்து நூலில் படிந்து நிறத்தை மங்கவைக்கும். மேட்டூர்த் தண்ணீர் கிடைத்தால் அதில் தோய்ப்பது நல்லது.

---

ஜலகண்டபுரம் தறி எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், எல்லோரும் மன்னிக்க வேண்டும். 40 அங்குலம் வைத்து ஒரு அடி நெய்தேன். பட்டை இல்லை! ரோடு இல்லை! மூன்று நிறமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, மழை பெய்து ஓய்ந்த தோட்டம் மாதிரி வந்திருக்கிறது. தறியிலிருந்து இறங்கி வாசலில் நின்று எவ்வளவு நேரம் பார்த்தேன் என்றே தெரியவில்லை. விடுதிக்காரர் படம் பார்த்துவிட்டு, தாழ்வாரத்துக்கு இந்த அகலத்திலேயே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். 40 கிலோவும் அதற்கே போய்விடும்.

4 அடிக்கும் 2 அடிக்கும் பவானி ஐயா சொன்னபடி முறுக்கிக் கலக்கப்போகிறோம். 15 என்று எண்ணிப் பார்த்தேன் ஐயா, சரியாக வந்தது. மாமனார் அதில் ஏழு நிறத்துக்குத் துண்டு முறுக்கி அட்டையில் கட்டி வைத்திருக்கிறார்.

சாயக்காரர் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அட்டையையும் விரிப்பையும் கையோடு எடுத்துப் போனேன். அவரும் நாலு தடவை வைத்து எடுத்துப் பார்த்தார்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பதினைந்து நிறத்துக்கும் முறுக்கு ஒரே அளவாக வர, ராட்டையில் கையால் சுற்றினால் போதுமா, முறுக்கு மிஷினில் கொடுக்க வேண்டுமா?

---

பவானிக்காரர் எழுதியது:

மிஷினில் கொடு அம்மா. ஆனால் பதினைந்தையும் ஒரே நாளில், ஒரே மிஷினில், ஒரே அளவு முறுக்கு வைத்து ஓட்டச் சொல். கூட நின்று பார்த்துக்கொள்.