தனியா செபிச்சாப் போதாதா?

பாலையூற்றுப் பக்கம் இருக்கிறன். வேலை முடிஞ்சு வந்து அறையைப் பூட்டிட்டு தனியத்தான் செபிக்கிறனான், பைபிள்ல மத்தேயு 6:6லயும் அப்பிடித்தானே இருக்கு, அம்மா ஆனா அன்பியத்துக்கு (அயல் வீட்டாக்கள் கூடிச் செபிக்கிற கோயில் குழு) வா வா எண்டு ஒரே நச்சரிப்பு. கூடிச் செபிக்கிறதில அப்பிடி என்ன இருக்கு?

பதில் 1:
தங்கச்சி, அது ஆக்கள் பார்க்கோணும் எண்டு தெருமுனையில நிண்டு செபிக்கிறதைப் பற்றிச் சொன்னது. இயேசு விடிய முதல் தனிய இடத்துக்குப் போய் செபிச்சவர் (மாற்கு 1:35), ஓய்வுநாளில வழக்கமா தொழுகைக்கூடத்துக்கும் போனவர் (லூக்கா 4:16). ரெண்டும் வேணும்.

பதில் 2:
ஒக்டோபர்ல வீடு வீடா செபமாலை சொன்னம். ஒரு வீட்டில பக்கவாதம் வந்த அப்பம்மா, வாய் திறக்கேலாது, நாங்க ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொல்ல பெருவிரலால மணியை ஒவ்வொண்டாத் தள்ளிக்கொண்டே இருந்தவ, பார்க்க நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பிறகு பிளேன்டீ குடிக்கேக்கதான் அவவுக்கு மருந்து எடுக்க ஆளில்லை எண்டு தெரியவந்தது, இப்ப பக்கத்து வீட்டு அண்ணா கிளினிக் கொப்பியோட போறார். அறைக்குள்ள இருந்தா இது எங்களுக்குத் தெரியவே வந்திராது.

பதில் 3:
நான் மெதடிஸ்ட் (புரட்டஸ்தாந்து சபை ஒண்டு), எங்கட செபக்கூட்டத்திலயும் இப்பிடித்தான். சத்தமா செபிக்க வெக்கம் எண்டா சும்மா இருந்து கேளுங்கோ, மனசோட ஆமென் சொன்னாலே அது உங்கட செபமும்தான்.