2/3 பெரியதா, 3/4 பெரியதா? பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தருகிறேன். தக்காளி மார்க்கெட் ஊர்ப் பிள்ளைகள். கால் கிலோ, அரை கிலோ, முக்கால் கிலோ எல்லாம் அத்துப்படி. ஆனால் நோட்டில் 1/3, 1/5 என்று எழுதினால் போதும், "அஞ்சுதானே சார் பெருசு" என்றார்கள். ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளை மடித்துக் காட்டியதில் அது தெளிந்துவிட்டது. 3/8, 4/7 போன்றவற்றையும் பாதிக்குக் கீழா, மேலா என்று பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

சிக்கல் 2/3, 3/4 வரும்போதுதான். இரண்டிலும் ஒரு துண்டுதான் குறைகிறது, அதனால் சமம் என்று அடம்பிடிக்கிறார்கள். குறைகிற அந்தத் துண்டில் எது சின்னது என்று பார்க்க வைப்பது எப்படி? (பட்டையைச் சரியாக மூன்றாக மடிக்கவும் வரவில்லை, கோணலாகப் போகிறது.) குறுக்குப் பெருக்கல் (ஒன்றின் மேல் எண்ணை மற்றதன் கீழ் எண்ணால் பெருக்கி ஒப்பிடுவது) இந்த வயதுக்கு வேண்டாம் என்பது என் கட்சி. விளையாட்டாகவோ பொருள் வைத்தோ செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.