பின்பக்க எக்ஸ்டென்ஷன்: பில்டர் 'பெர்மிஷனே வேண்டாம்' என்கிறார், நம்பலாமா?

கொங்குத்தமிழன்_லண்டன் (கேள்வி)

வணக்கம். லண்டன் ஹேரோ பக்கம் 1930களில் கட்டிய செமி டிடாச்ட் (ஒரு பக்கம் மட்டும் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீடு எங்களுடையது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார். முழங்கால் தேய்மானம், மாடிப்படி ஏற முடிவதில்லை. அதனால் கீழேயே பின்பக்கம் ஒரு படுக்கையறையும் ஷவர் ரூமும் எடுக்கலாம் என்று பார்க்கிறோம்.

சமையலறைக்குப் பின்னால் முந்தைய ஓனர் ஏற்கெனவே கொஞ்சம் இழுத்துக் கட்டியிருக்கிறார். அந்தச் சுவரிலிருந்து இன்னும் 6 மீட்டர் கட்டலாம், கவுன்சில் பக்கமே போக வேண்டாம், அட்வான்ஸ் கொடுத்தால் அடுத்த வாரமே தோண்டிவிடலாம் என்கிறார் பில்டர். ஒட்டியிருக்கிற வீட்டுக்காரரோ, "என் சமையலறைக்கு வெளிச்சமே வராது" என்று வேலியோரம் நின்று சொல்லிவிட்டுப் போனார். கவுன்சில் இணையதளத்தைத் திறந்தால் ஒவ்வொரு பத்தியும் இன்னொரு பத்தியைப் பார் என்கிறது. யாராவது தெளிவாகச் சொல்லுங்களேன்.

வளவுக்காரன்

தம்பி, முதலில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான் பிளான் கீறிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். இந்த "6 மீட்டர் பெர்மிஷன் வேண்டாம்" கதையை மாதம் ஒருவராவது கொண்டு வருவார்கள். பாதி உண்மை, அதுதான் சிக்கல்.

இங்கிலாந்தில் 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்று ஒன்று உண்டு. அதன் அளவுக்குள் நின்றால் பிளானிங் விண்ணப்பம் தேவையில்லை. ஒற்றை மாடிப் பின்பக்கக் கட்டடம் என்றால் தனி வீட்டுக்கு 4 மீட்டர், செமிக்கும் டெரஸுக்கும் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு) 3 மீட்டர். மொத்த உயரம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் கூரை விளிம்பு 3 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

உங்கள் பில்டர் சொல்கிற 6 மீட்டரும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு 'பிரயர் அப்ரூவல்' (முன் ஒப்புதல்) எடுக்க வேண்டும். கவுன்சிலுக்கு அறிவித்தால் அவர்கள் பக்கத்து வீட்டாருக்குக் கடிதம் போடுவார்கள். எதிர்ப்புச் சொல்ல 21 நாள், கவுன்சில் முடிவெடுக்க மொத்தம் 42 நாள். ஒருவரும் எதிர்க்காவிட்டால் பிரச்சினை இல்லை. ஒட்டிய வீட்டுக்காரர் ஒருவர் எதிர்த்தாலே, அந்த வீடுகளுக்கு வெளிச்சம், காற்று, பார்வை எப்படிப் பாதிக்கும் என்று அதிகாரி பார்ப்பார். முக்கியமாக, வேலையைத் தொடங்கிய பிறகு பிரயர் அப்ரூவல் கேட்க முடியாது. ஹேரோ ஆன் த ஹில் மாதிரி கன்சர்வேஷன் ஏரியாவுக்குள் (பழமை காக்கும் பகுதி) உங்கள் வீடு இருந்தால் அந்த 6 மீட்டர் வழியே கிடையாது.

இனித்தான் பெரிய விஷயம். இந்த மீட்டரெல்லாம் எங்கிருந்து அளப்பது? 'ஒரிஜினல்' வீட்டின் பின்சுவரிலிருந்து. 1948 ஜூலை 1ஆம் தேதி வீடு எப்படி நின்றதோ, அதுதான் ஒரிஜினல்; அதற்குப் பிறகு கட்டிய வீடு என்றால் கட்டியபோது இருந்த நிலை. முந்தைய ஓனர் இழுத்த துண்டோடு ஒட்டிப் புதிதாகக் கட்டினால் அதுவும் உங்கள் கணக்கில்தான் சேரும். பழைய துண்டு எத்தனை மீட்டர்?

மாடிவீட்டு மீனா

அண்ணா சொல்வது சரி. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இப்படித்தான் பில்டர் பேச்சைக் கேட்டு முதலில் கட்டிவிட்டு, பின்னாடி முழு பிளானிங் விண்ணப்பம் போட்டது. மறுத்துவிட்டார்கள். கடைசியில் ஒன்றரை மீட்டர் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. புதுக் கூரையோடு!

ஷெட்_ராஜா

ஏன் இவ்வளவு தலைவலி? தோட்டத்து மூலையில் 2.5 மீட்டர் உயரத்துக்குள் ஒரு அவுட்பில்டிங் போட்டு அம்மாவுக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பெர்மிஷனே தேவையில்லை.

வளவுக்காரன்

ராஜா, உயரம் சரி, பயன்பாடு பிழை. அந்தச் சலுகை ஜிம், சாமான் அறை, ஆபீஸ் மாதிரி வீட்டுக்குத் துணையான பயன்பாட்டுக்கு மட்டும். ஒருவர் படுத்து எழும்பி நிரந்தரமாகச் சீவிக்கிற அறைக்கு அது பொருந்தாது. வெளி லண்டன் கவுன்சில்கள் இந்தத் தோட்டக் கொட்டில்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே திரிகின்றன. அதோடு முழங்கால் வருத்தக்காரர் ஜனவரி இரவில் தோட்டம் கடந்து சமையலறைக்கு வரவேண்டுமா?

கொங்குத்தமிழன்_லண்டன்

ரொம்ப நன்றி. இன்று டேப் வைத்து அளந்தேன். பக்கவாட்டுச் சுவரில் பழைய சிவப்புச் செங்கல் ஓர் இடத்தில் நின்று, அதற்கப்புறம் வெளிர் மஞ்சள் செங்கல் தொடங்குகிறது. அந்தக் கோட்டிலிருந்து பழைய துண்டு 2.5 மீட்டர். அப்படியானால் பில்டர் சொல்வது மொத்தம் 8.5 மீட்டர் ஆகிறதே!

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பேட்டியோ கற்களுக்கு நடுவே ஓர் இரும்பு மூடி. திறந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் குழாயும் அதில்தான் வந்து சேருகிறது. புது அறை சரியாக அதன் மேல் வருகிறது. பழைய துண்டுக்குக் கவுன்சில் பதிவில் எந்தத் தாளும் கிடைக்கவில்லை. அதனால் எனக்குச் சிக்கல் வருமா?

வளவுக்காரன்

செங்கல் நிறத்தைப் பார்த்தது கெட்டிக்காரத்தனம். 8.5 என்பது பிரயர் அப்ரூவலிலும் அடங்காது.

பழைய துண்டு 2.5தான் என்றால் பிளானிங் தேவைப்பட்டிருக்காது, அதனால் தாள் இல்லாததே குற்றம் ஆகாது. என் கவலை பில்டிங் கொன்ட்ரோல், அதாவது கட்டின விதம் சரியா என்று பார்க்கிற சோதனை. பிளானிங் வேறு, பில்டிங் கொன்ட்ரோல் வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்த மாதிரி அல்ல. அத்திவாரம், ஈரத்தடுப்பு, வடிகால், இரும்பு பீம், இன்சுலேஷன் என்று கட்டம் கட்டமாக இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, கடைசியில் கம்ப்ளீஷன் சர்டிபிகேட் தருவார். பழைய துண்டின் அத்திவாரம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. லண்டன் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் ஊதும். பக்கத்தில் மரம் நின்றால் இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பழையதை இடித்துவிட்டு, ஒரிஜினல் சுவரிலிருந்து புதிதாக ஒரு 5 மீட்டர் எடுங்கள். அம்மாவின் அறைக்கும் ஷவருக்கும் அது தாராளம்.

அந்த இரும்பு மூடியை லேசாக விடாதீர்கள். இரண்டு வீடு பகிர்கிற கழிவுக் குழாய்கள் 2011 அக்டோபர் 1 முதல் தண்ணீர்க் கம்பனியின் பொறுப்புக்குப் போய்விட்டன. உங்கள் பக்கம் குடிதண்ணீர் அஃபினிட்டி, கழிவுநீர் தேம்ஸ் வாட்டர். பொதுக் குழாய்க்கு மேலேயோ அதிலிருந்து 3 மீட்டருக்குள்ளோ கட்டுவதற்கு அவர்களுடைய 'பில்ட் ஓவர்' சம்மதம் வேண்டும். மூடி அறைக்குள் வர விடமாட்டார்கள். வெளியே நகர்த்தும் செலவை இப்போதே கொட்டேஷனில் எழுதிக் கேளுங்கள்.

மாடிவீட்டு மீனா

பார்ட்டி வால் நோட்டீஸையும் (எல்லையோர வேலை பற்றிப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கும் அறிவிப்பு) மறக்காதீர்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அவர்களுடைய அத்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் ஒரு மாதம் முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். எல்லைக்கோட்டில் புதுச் சுவர் எழுப்பினாலும் அப்படித்தான். தோண்டுவதற்கான நோட்டீஸுக்கு 14 நாளில் பதில் வராவிட்டால் தகராறு என்றே கணக்கு, சர்வேயர் வைக்க வேண்டும். அந்தச் செலவு பெரும்பாலும் கட்டுகிறவர் தலையில்தான் விழும். நோட்டீஸ் தபாலில் போய்ச் சேருவதற்கு முன்னால் நீங்களே வரைபடத்தோடு போய் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவருக்குப் பயம் வெளிச்சத்தைப் பற்றித்தானே? அவர் பக்கம் கூரையைத் தாழ்த்தினால், இல்லை சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் சம்மதித்தாலும் சம்மதிப்பார். பல கவுன்சில்கள் பக்கத்து வீட்டு ஜன்னல் நடுவிலிருந்து 45 டிகிரி கோடு போட்டுப் பார்க்கும். அதே கோட்டை நீங்களே அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

கொங்குத்தமிழன்_லண்டன்

பேசிப் பார்க்கிறேன் அக்கா. பிரயர் அப்ரூவல் மறுத்துவிட்டால்?

வளவுக்காரன்

முழு ஹவுஸ்ஹோல்டர் (வீட்டுக்கான பிளானிங்) விண்ணப்பம் போடலாம். வழக்கமான அவகாசம் 8 கிழமை (வாரம்). 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 258 பவுண்டிலிருந்து 528 ஆகிவிட்டது. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு வழி இருக்கிறது. அந்த வீட்டில் வாழும் மாற்றுத்திறனாளி ஒருவரின் போக்குவரத்து, பாதுகாப்பு, வசதிக்காகச் செய்கிற எக்ஸ்டென்ஷன் என்றால் விண்ணப்பக் கட்டணம் இல்லை. அம்மாவின் முழங்கால் நிலைக்கு ஜி.பி.யிடம் (குடும்ப டாக்டர்) கடிதம் வாங்கி இணையுங்கள். இதே காரணத்துக்கு 'டிசேபிள்ட் ஃபெசிலிட்டீஸ் கிராண்ட்' என்றும் ஓர் உதவித்தொகை உண்டு, இங்கிலாந்தில் 30,000 பவுண்ட் வரை. வருமானம் பார்ப்பார்கள், எல்லாருக்கும் கிடைக்காது. கிராண்ட் ஒப்புதலுக்கு முன்னால் வேலை தொடங்கினால் பெரும்பாலும் காசு கிடைக்காது.

கொங்குத்தமிழன்_லண்டன்

இது தெரியவே தெரியாது. பில்டரிடம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். "வேற ஆள் பார்த்துக்குங்க" என்றார், பார்த்துக்கொள்கிறேன்.

மாடிவீட்டு மீனா

நல்லது. வீட்டு இன்சூரன்ஸுக்கும் மார்ட்கேஜ் வங்கிக்கும் வேலை தொடங்கும் முன் ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்புறம், ஷவர் தரையைப் படி இல்லாமல் சமமாகவும், கதவை அகலமாகவும் வரைபடத்திலேயே போடச் சொல்லுங்கள். பின்னால் சொன்னால் அதற்குத் தனி பில் வரும்.