மதுரைக்கு அருகே ஒரு நாள் குன்று நடை: அருவியையும் மலையையும் சேர்த்துப் பார்க்கலாமா?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பணி மாற்றத்தால் குடும்பத்துடன் மதுரைக்கு வந்திருக்கிறோம். கொடைக்கானல், குற்றாலம் என்று தொலைவுக்குப் போகாமல், காலையில் புறப்பட்டு மாலைக்குள் வீடு திரும்பும்படியாக நடந்து பார்க்கத்தக்க குன்றுகளும் அருவியும் எவை என்று அறிய விரும்புகிறேன். யானைமலை, அரிட்டாபட்டி, சமணர் மலை, குட்லாடம்பட்டி அருவி ஆகியவற்றை அலுவலக நண்பர்கள் சொன்னார்கள். என் தந்தைக்கு 68 வயது. நிதானமாகப் படி ஏறுவார், செங்குத்துப் பாறையில் ஏற இயலாது. மகளுக்கு 10 வயது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவியையும் ஏதேனும் ஒரு மலையையும் சேர்த்துப் பார்த்துவிட இயலுமா?

நாகமலையான்:

வணக்கம் ஐயா. தொலைவை மட்டும் கணக்கிட்டால் இயலும். ஆயினும் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. குட்லாடம்பட்டி அருவி வாடிப்பட்டிக்கு அருகே சிறுமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 27 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்த நீர் முழுக்க முழுக்கச் சிறுமலையில் பெய்யும் மழையைச் சார்ந்தது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஐப்பசி, கார்த்திகையில் பொங்கி விழும். மழை பொய்த்தால் மார்கழியிலேயே பாறையில் ஈரக்கோடு மட்டும் மிஞ்சும். அருவி நன்றாக விழும் நாள் என்றால் இரண்டொரு நாள்களுக்கு முன் நல்ல மழை பெய்திருக்கிறது என்று பொருள், அதே மழையில் சுற்றியுள்ள குன்றுகளின் பாறைகளும் வழுக்கிக்கொண்டிருக்கும். பாறையில் கால் நன்றாகப் பிடிக்கும் வறண்ட நாள்களிலோ அருவியில் பார்ப்பதற்கு ஒன்றுமிராது. ஆகவே அருவிக்கென ஒரு நாளும் மலைக்கென வேறொரு நாளும் ஒதுக்குவதே நல்லது.

மலைகளில் தங்கள் தந்தையாருக்கு ஏற்றது கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோவிலும் ஆலமரமும் இருப்பதால், மேலே ஏறாதவர்கள்கூட அரை நாளை நிறைவாகக் கழிக்கலாம். மலையின் மறுபக்கத்தில் உள்ள செட்டிப்புடவு என்னும் குகைக்குச் சில படிகளே ஏற வேண்டும். குகையின் உள்ளே, வளைந்த கூரையை ஒட்டி, சிங்கத்தின் மீதமர்ந்து யானையை எதிர்க்கும் இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வத்தின் சிற்பம் உண்டு. தெம்புள்ளவர்கள் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளம் வரை செல்லலாம். அங்கே வற்றாத சுனைக்கு மேலே, சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள் கீழே வட்டெழுத்து என்னும் பழைய எழுத்து முறையில் வெட்டப்பட்டுள்ளன. உச்சிக்குப் போனால் நாகமலைத் தொடர் நீண்டு கிடப்பது முழுதாகத் தெரியும். மதுரையை அழிக்கச் சமணர் ஏவிய நாகமும் யானையும் பசுவும் கல்லாகி மலைகளாயின என்று திருவிளையாடற் கதை சொல்வதைக் குழந்தையிடம் அங்கே வைத்துச் சொன்னால் எளிதில் நம்பிவிடுவாள். அந்த மலைத்தொடரின் உருவம் அப்படி.

சுனைநீர்:

நாகமலையான் பாறை வழுக்குவதைக் குறிப்பிட்டதால், இந்தக் குன்றுகளின் இயல்பைப் பற்றிச் சிறிது சேர்க்கிறேன். நிலத்தின் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் உருவான பாறைகள் இவை. மேலிருந்த அடுக்குகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துச் செல்லப்பட்டு, அழுத்தம் தளர்ந்தபோது, பாறை தன் மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளந்தது. வெங்காயத் தோல் போல உரிந்ததன் விளைவே யானைமலையின் மொழுமொழுவென்ற முதுகு. இப்படிப் பிளந்த தகடுகளுக்கு அடியில் உண்டான இடுக்குகளே குகைத்தளங்கள். இடுக்குகளில் கசிந்து தேங்கும் மழைநீரே சுனை. சமணத் துறவிகள் தங்குமிடமாக இக்குன்றுகளைத் தேர்ந்ததற்கு இவ்விரண்டும் ஒரே இடத்தில் கிடைத்ததே முதன்மையான காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன். அரிட்டாபட்டிக் கழிஞ்சமலையில் குகையின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி நீளமாகக் காடி (பள்ளக் கோடு) வெட்டி, அதன் அருகே தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் கொடையாளரின் பெயரைப் பொறித்திருப்பதைப் பார்த்தால் தங்களுக்கும் அவ்வாறே தோன்றலாம்.

நடப்பவர்களுக்கு இதிலிருந்து ஒரு பயனும் உண்டு. பாறைச் சரிவில் மேலிருந்து கீழாகக் கருப்புப் பட்டைகள் தெரியும். அவை மழைநீர் வழக்கமாக ஓடும் தடங்கள். அங்கே பாசி படிந்திருக்கும். காய்ந்திருக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் அந்தப் பட்டையில், ஈரம் பட்ட நாளில் கால் வைத்தால் நிற்காது. வெளிறிய பாறையிலேயே நடக்குமாறு மகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

ஏழுமலை வழிப்போக்கன்:

சமணர் மலையைப் பற்றி முன்னவர் எழுதியதை ஏற்கிறேன், ஆனால் முதல் பயணத்துக்கு நான் மேலூர்ச் சாலையையே சொல்வேன். யானைமலையும் அரிட்டாபட்டியும் நகரத்திலிருந்து ஒரே திசையில் இருப்பதால், அவை இரண்டையும் ஒரே நாளில் அலைச்சலின்றிப் பார்க்கலாம். மேலே ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. யானைமலை அடிவாரத்து நரசிங்கம் குடைவரை (பாறையைக் குடைந்து அமைத்த கோவில்) பொ.ஆ. (கி.பி.) 770-ஐ ஒட்டிப் பாண்டியர் அமைச்சர் மாறன்காரி எடுப்பித்து, அவர் மறைவுக்குப் பின் தம்பி மாறன் எயினன் நிறைவு செய்தது என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. அருகிலேயே லாடன் கோவில் என்னும் முருகன் குடைவரை உள்ளது.

அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகளும் ஆனைகொண்டான் கண்மாயும் சேர்ந்த நிலப்பரப்பைக் கண்மாய்க் கரையில் நின்று பார்த்தாலே போதும். அங்குள்ள சிவன் குடைவரையில், பாசுபத சைவத்தின் ஆசானாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது அரிது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அப்பகுதியைத் தொட்டபோது ஊர்மக்கள் திரண்டு போராடி, 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டதையும் தாங்கள் படித்திருப்பீர்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வருவோர் கூட்டம் பெருகியிருப்பது எனக்கு முழு மகிழ்ச்சி தரவில்லை. வேட்டைப் பறவைகளான லகுடு வல்லூறும் ராசாளியும் பாறை விளிம்புகளில்தான் முட்டையிடுகின்றன. தை, மாசியில் கூட்டுக்கு அருகே யாரேனும் ஒலிபெருக்கியோ ட்ரோனோ கொண்டுவந்தால் பறவை கூட்டை விட்டு விலகிவிடக்கூடும்.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. அப்படியெனில் முதல் ஞாயிறு நரசிங்கமும் அரிட்டாபட்டியும். சமணர் மலை பிறகு. அருவிக்குப் போகும் நாளை எப்படி முடிவு செய்வது? வழிகாட்டி தேவைப்படுமா?

நாகமலையான்:

அருவிக்கு வழிகாட்டி வேண்டியதில்லை. தாடகை நாச்சியம்மன் கோவில் என்று கேட்டால் வாடிப்பட்டிப் பக்கத்தில் எவரும் வழி சொல்வார்கள். நாளை முடிவு செய்வதற்கு மதுரை வானத்தைப் பார்க்காதீர்கள். நகரில் தூறல்கூட இல்லாத நாளில் சிறுமலையில் கொட்டித் தீர்ப்பதுண்டு. தண்ணீர் விழுகிறதா, உள்ளே செல்ல அனுமதி இருக்கிறதா என்ற இரண்டையும் முந்தின நாளே அவ்வூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலை மேலே கருமேகம் திரண்டாலோ, தெளிந்து விழும் நீர் திடீரெனச் செம்மண் நிறமாக மாறினாலோ, குளித்தது போதும் என்று உடனே கரையேறிவிட வேண்டும்.

அரிட்டாபட்டிக் குகைத்தளத்துக்கு ஏறுவதாக இருந்தால் மட்டும் ஊர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். மேலூர் வட்டாரத்தில் கைவிடப்பட்ட கல் குவாரிகள் பல உள்ளன. அவற்றில் தேங்கிய பச்சை நீர் குளம் போலத் தோன்றினாலும், கரை செங்குத்தாக இறங்குவதால் விழுந்தவர் ஏறி வர வழியிராது. மகளை அப்பக்கம் விடாதீர்கள். காலை ஆறரைக்குள் நரசிங்கத்தில் இருந்தால், வெயில் ஏறுவதற்குள் அரிட்டாபட்டியையும் முடித்துவிட்டு ஒத்தக்கடைக்குத் திரும்பிச் சாப்பிடலாம்.