மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர்: போர்ட் திறந்தாச்சு, ஆனாலும் வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியலை

கல்லுடைச்சான் (கேள்வி)

வணக்கம். அஞ்சு பேர் சேர்ந்து சர்வைவல் விளையாட வீட்டு கம்ப்யூட்டரிலேயே சர்வர் போட்டிருக்கேன். ஜாவா எடிஷன் 1.21.1, அதிகாரப்பூர்வ வெண்ணிலா (மாற்றம் எதுவும் செய்யாத) சர்வர் ஜார். விண்டோஸ் 11, ஐ5, 8 ஜிபி ரேம், ஜாவா 21.

யூலா (உரிம ஒப்பந்த) கோப்பில் 'ட்ரூ' மாத்தியாச்சு. கன்சோலில் 'டன்' வருது. அதே கம்ப்யூட்டரில் 'லோக்கல்ஹோஸ்ட்' போட்டா உள்ளே போகுது. அதே வைஃபையில் இன்னொரு லேப்டாப்பில் சர்வர் கம்ப்யூட்டரோட உள் ஐபி 192.168.1.7 போட்டாலும் போகுது. ரவுட்டரில் 25565 டிசிபி போர்ட்டை 192.168.1.7-க்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன். கூகுளில் என் ஐபி என்னன்னு தேடி, வந்த எண்ணை நண்பர்களுக்குக் கொடுத்தேன். அவங்களுக்குக் கொஞ்ச நேரம் சுத்திட்டு 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' வருது. நாலு பேருக்கும் இதே கதை. ஃபைபர் இணைப்பு, ரவுட்டர் இணைப்பு கொடுத்தவங்களே வச்சது.

எதை விட்டுட்டேன்?

டிஎன்டி தங்கராசு

ஃபயர்வாலை மொத்தமா ஆஃப் பண்ணுங்க ப்ரோ. சர்வர் ப்ராப்பர்டீஸ்ல 'ஆன்லைன்-மோட்' ஃபால்ஸ் போட்டுடுங்க. முடிஞ்சது.

குகைவாசி

ரெண்டையும் செய்யாதீங்க.

ஃபயர்வால் சிக்கல்னா வைஃபையில் இருக்கிற இன்னொரு லேப்டாப்பாலயும் உள்ளே வந்திருக்க முடியாது. வந்திருக்கு. அதனால ஜாவாவுக்கு விண்டோஸ் ஏற்கெனவே அனுமதி கொடுத்திருக்கு, அந்தப் பக்கம் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

'ஆன்லைன்-மோட்' என்பது உள்ளே வருபவர் நிஜமாவே அந்தக் கணக்குக்குச் சொந்தக்காரரான்னு மைக்ரோசாஃப்ட் பக்கம் கேட்டுச் சரிபார்க்கிற அமைப்பு. இணைப்பு வருவதற்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. அதை அணைச்சா உங்க பெயரைத் தட்டிக்கிட்டு எவன் வேணா ஆப் (சர்வர் நிர்வாகி) அதிகாரத்தோட உள்ளே வரலாம். இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது: அந்த அமைப்பை மாத்தினதும் ஒவ்வொருத்தரோட யூயூஐடியும் (ஆளை அடையாளம் காட்டும் எண்) மாறிடும். சர்வர் எல்லாரையும் புது ஆளா நினைக்கும். இன்வென்டரி காலி, எண்டர் செஸ்ட் காலி. பழைய நிலைக்குத் திருப்பினாத்தான் பொருள் திரும்பக் கிடைக்கும்.

இனி உங்க பிழைக்கு வருவோம். 'டைம்டு அவுட்'னா தட்டின சத்தமே உங்க வீட்டுக்குள்ள கேக்கலைன்னு அர்த்தம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'னு வந்திருந்தா கம்ப்யூட்டர் வரைக்கும் வந்துட்டாங்க, அந்தப் போர்ட்டில் கேட்டுக்கிட்டு இருக்க ஆள் இல்லைன்னு அர்த்தம். அப்போ சர்வர் ஓடுதா, போர்ட் எண் சரியான்னு பார்க்கணும். ரெண்டும் வேற வேற நோய்.

ஒரு வேலை செய்யுங்க. ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'வான் ஐபி'னு இருக்கும், அதாவது ரவுட்டருக்கு இணைய நிறுவனம் கொடுத்த எண். அதையும் கூகுள் காட்டும் ஐபியையும் ஒப்பிட்டுச் சொல்லுங்க. முழு எண்ணை இங்கே போட வேண்டாம், முதல் ரெண்டு பகுதி போதும்.

கல்லுடைச்சான்

அண்ணா, ரவுட்டரில் 100.72-னு ஆரம்பிக்குது. கூகுளில் வர்றது முற்றிலும் வேற எண்.

குகைவாசி

பிடிச்சாச்சு. நீங்க சிஜிநாட்டுக்குப் பின்னால இருக்கீங்க. 100.64-லிருந்து 100.127 வரைக்கும் ஆரம்பிக்கிற எண்கள் இதுக்குன்னே ஒதுக்கப்பட்டவை. ஐபிவி4 எண் தட்டுப்பாட்டால் இணைய நிறுவனங்கள் நிறைய வீடுகளை ஒரே வெளி ஐபிக்குப் பின்னால அடைக்கிறாங்க. உங்க நண்பர் அனுப்பும் இணைப்பு நிறுவனத்தின் கருவி வரைக்கும் வருது. அது எந்த வீட்டுக்குன்னு அந்தக் கருவிக்குத் தெரியாது, கீழே போட்டுடுது. உங்க ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பலன் இல்லை, பூட்டு வேற வாசல்ல இருக்கு.

இதே தலைப்பைத் தேடி வர்ற மத்தவங்களுக்கு ஒரு குறிப்பு: வான் ஐபி 192.168-னு ஆரம்பிச்சா அது பெரும்பாலும் சிஜிநாட் இல்லை. நிறுவனத்தின் மோடத்துக்குப் பின்னால நீங்க தனியா ஒரு ரவுட்டர் மாட்டியிருப்பீங்க. ரெண்டு பெட்டியிலயும் ஃபார்வர்ட் பண்ணணும், இல்லேன்னா மோடத்தை ப்ரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை செய்யாம இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாத்தணும். ரெண்டு ஐபியும் ஒண்ணா இருந்தும் வரலைன்னா, சர்வர் கம்ப்யூட்டரோட உள் ஐபி மாறிப்போச்சான்னு பாருங்க. ரவுட்டரை அணைச்சுப் போட்டா நேத்து 1.7 இன்னைக்கு 1.9 ஆகியிருக்கலாம். ரவுட்டரின் டிஎச்சிபி ரிசர்வேஷனில் அந்த எண்ணை நிரந்தரமா கட்டிடுங்க. போர்ட் செக்கர் தளத்தில் சோதிக்கும்போது சர்வர் ஓடிக்கிட்டு இருக்கணும், இல்லேன்னா எப்பவும் மூடியிருக்குன்னுதான் காட்டும். உங்க வெளி ஐபியை உங்க வீட்டிலிருந்தே போட்டுப் பார்த்து முடிவுக்கு வராதீங்க. பல ரவுட்டர்கள் அப்படித் திரும்பி வர விடாது.

நெதர்வாசல்

சிஜிநாட்டைத் தாண்ட வழிகள் இருக்கு.

நிறுவனத்திடமே பப்ளிக் ஐபி கேட்கலாம். மாசக் கட்டணம் கேப்பாங்க. கிடைச்சா நீங்க ஏற்கெனவே செஞ்ச போர்ட் ஃபார்வர்ட் அப்படியே வேலை செய்யும்.

ஐபிவி6 பார்க்கலாம். அதில் சிஜிநாட் கிடையாது. ஆனா ரவுட்டரோட ஐபிவி6 ஃபயர்வாலில் 25565-ஐத் தனியா அனுமதிக்கணும், சில ரவுட்டரில் அந்த அமைப்பே தெரியாது. முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள்ள எழுதணும். நாலு பேருக்கும் ஐபிவி6 இருந்தாகணும், ஒருத்தருக்கு இல்லைன்னாலும் அவர் வெளியேதான்.

டெய்ல்ஸ்கேல் (தனிப்பட்ட விபிஎன் ஆப்) போட்டா எல்லாரும் ஒரே வீட்டு வைஃபையில் இருக்கிற மாதிரி ஆகிடும். ரவுட்டரைத் தொடவே வேண்டாம். எல்லாரும் அந்த ஆப்பை நிறுவி, உங்க சர்வர் இருக்கும் கம்ப்யூட்டரை நீங்க அவங்களோட ஷேர் பண்ணணும். இதில் ஒரு பெரிய குழப்பம்: டெய்ல்ஸ்கேல் தரும் எண்ணும் 100-லதான் ஆரம்பிக்கும், சிஜிநாட்டின் அதே வரிசை. நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஆப் காட்டும் எண், ரவுட்டர் காட்டும் எண் இல்லை.

ப்ளேஇட் மாதிரி டனல் சேவை போட்டா நிறுவுறது நீங்க ஒருத்தர் மட்டும்தான். அது தரும் முகவரியை நண்பர்கள் சேர்த்துக்கிட்டா போதும். எல்லாம் அவங்க சர்வர் வழியாச் சுத்தி வருவதால் பிங் (தகவல் போய்வரும் தாமதம்) கூடும். பில்டிங், விவசாயத்துக்குப் பரவாயில்லை. வாள் சண்டைக்கு எரிச்சல் வரும்.

என் கருத்து: அஞ்சு பேரும் கம்ப்யூட்டர்னா டெய்ல்ஸ்கேல். முகம் தெரியாத ஆட்களையும் சேர்க்கப் போறீங்கன்னா டனல்.

கல்லுடைச்சான்

ஒருத்தன் மொபைலில்தான் விளையாடுவான். அதனால டனல் போட்டேன். கம்ப்யூட்டர் ஆட்கள் மூணு பேர் வந்துட்டாங்க! மொபைல்காரனுக்கு சர்வர் பட்டியலில் எதுவுமே காட்டலை.

நெதர்வாசல்

மொபைலில் இருப்பது பெட்ராக் எடிஷன். அது பேசுற பாஷையே வேற. ஜாவா 25565 டிசிபி, பெட்ராக் 19132 யூடிபி. நடுவில் மொழிபெயர்க்க கைசர் பிளகின் (சர்வரோட சேர்க்கும் துணை நிரல்) வேணும், வெண்ணிலா ஜாரில் பிளகின் போட முடியாது. பிளகின் ஏற்கும் பேப்பர் சர்வருக்கு மாறுங்க.

முதல்ல சர்வர் ஃபோல்டரை முழுசா வேற இடத்தில் காப்பி எடுங்க. பேப்பர், விளையாட்டின் மத்த ரெண்டு உலகங்களான நெதரையும் எண்டையும் தனித்தனி ஃபோல்டரா பிரிச்சு வைக்கும். பிறகு வெண்ணிலாவுக்குத் திரும்பினா அதைக் கையால திரும்ப நகர்த்தணும்.

அடுத்து 1.21.1-க்கான பேப்பர் ஜாரை அதே ஃபோல்டரில் வச்சு ஒரு தடவை ஓட்டி நிறுத்துங்க. உருவாகும் பிளகின்ஸ் ஃபோல்டரில் கைசர், ஃப்ளட்கேட், வயாவெர்ஷன் மூணையும் போடுங்க. ஃப்ளட்கேட் இருந்தா அவருக்கு ஜாவா கணக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை, ஆன்லைன்-மோட் ட்ரூவாவே இருக்கலாம். வயாவெர்ஷன் எதுக்குன்னா, கைசர் எப்பவும் புதிய ஜாவா பதிப்பு மாதிரிதான் சர்வருடன் பேசும். உங்க சர்வர் 1.21.1-ல நிக்குது, ரெண்டையும் பொருத்துறது அதுதான்.

மறுபடி ஓட்டினதும் கைசர் கன்ஃபிக் கோப்பில் 'ஆத்-டைப்' ஃப்ளட்கேட்னு இருக்கான்னு பாருங்க. டனல் பக்கத்தில் பெட்ராக்குக்குத் தனியா ஒரு யூடிபி டனல் உருவாக்கி 19132-க்குத் திருப்புங்க. டிசிபி டனலையே மொபைலுக்கும் கொடுக்கிறதுதான் இங்கே பாதிப் பேர் செய்யும் தப்பு. மொபைலில் 'ஆட் சர்வர்' போகும்போது முகவரி ஒரு கட்டத்தில், டனல் தந்த போர்ட் எண் இன்னொரு கட்டத்தில். அங்கே 19132 போட்டு வச்சுட்டு வரலைன்னு சொல்லாதீங்க.

மொபைலில் கேம் தானா அப்டேட் ஆகும். ஆன அன்னைக்கு உள்ளே வர முடியலைன்னா கைசரைப் புதுசு இறக்கிப் போடுங்க, வேற எதையும் நோண்ட வேண்டாம்.

குகைவாசி

கூடவே ஒயிட்லிஸ்ட் (அனுமதிச்ச பெயர்கள் மட்டும் உள்ளே வர்ற பட்டியல்). கன்சோலில் 'ஒயிட்லிஸ்ட் ஆன்', பிறகு ஒவ்வொரு பெயருக்கும் 'ஒயிட்லிஸ்ட் ஆட்'. மொபைல்காரருக்கு ஃப்ளட்கேட்டின் 'எஃப்ஒயிட்லிஸ்ட் ஆட்'. அவர் பெயருக்கு முன்னால ஒரு புள்ளி வரும், பயப்பட வேண்டாம், பெயர் மோதாம இருக்கத்தான். திறந்த சர்வர்களைத் தேடித் திரியும் தானியங்கி நிரல்கள் நிறைய, முகவரியை யாருக்கும் சொல்லலைங்கிறது பாதுகாப்பு ஆகாது. டனல் வழியா வர்றவங்களோட நிஜ ஐபி சர்வருக்குத் தெரியாததால் 'பான்-ஐபி' கட்டளையைத் தொடாதீங்க, தப்பான ஆள் மாட்டுவார். பெயரைச் சொல்லி பான் பண்ணுங்க.

செங்கல்சூளை

இடையில் ஒரு கேள்வி. ஒரு மாடுக்காக (விளையாட்டை மாத்தும் கூடுதல் நிரல்) 1.16.5 சர்வர் போட்டு இதே மாதிரி டனலில் விடலாமா?

குகைவாசி

விடலாம், ஆனா ஒட்டுப் போடாம விடாதீங்க. 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஜே (ஜாவாவில் பதிவு எழுதும் நிரல்) ஓட்டை 1.7-லிருந்து 1.18 வரைக்கும் எல்லாத்தையும் பாதிச்சது. சாட்டில் ஒரு வரி தட்டினாலே உங்க கம்ப்யூட்டரில் அவங்க நிரலை ஓட்ட முடியும். 1.18.1-ல்தான் அடைச்சாங்க. பழைய பதிப்புன்னா ஒட்டுப் போட்ட சர்வர் ஜாரும், அதிகாரப்பூர்வ லாஞ்சரும்.

கல்லுடைச்சான்

அஞ்சு பேரும் உள்ளே வந்தாச்சு. மொபைல்காரனும். ரெண்டு புதுத் தலைவலி. நான் மட்டும் எல்லாக் கட்டையையும் உடைக்கிறேன், மத்தவங்க ஸ்பான் (முதல்ல தோன்றும் இடம்) பக்கத்தில் உடைச்சா கட்டை திரும்பி வந்துடுது. இன்னொண்ணு, ஆளுக்கொரு திசையில் ஓடினா கன்சோலில் 'கான்ட் கீப் அப்', 2650 மில்லிசெகண்ட், 53 டிக் பின்தங்கியிருக்குன்னு வருது. பன்னி எல்லாம் பின்னாடி நகருது. ரேம் 6 ஜிபி கொடுத்திருக்கேன்.

டிஎன்டி தங்கராசு

முதலாவது ஸ்பான் ப்ரொடெக்‌ஷன். சர்வர் ப்ராப்பர்டீஸ்ல 16-னு இருக்கும், அதாவது 33-க்கு 33 கட்டை. சர்வர் நிர்வாகி (ஆப்) மட்டும்தான் அங்கே கை வைக்கலாம். 0 போட்டு ரீஸ்டார்ட். (இந்தத் தடவை சரியாச் சொல்லிட்டேன்.)

குகைவாசி

ரேமை முதல்ல குறைங்க. மொத்தமே 8 ஜிபி. விண்டோஸும், அதே கம்ப்யூட்டரில் நீங்க விளையாடும் கேமும் எங்கே போகும்? மீதியை டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும், அப்புறம் எல்லாமே தவழும். எக்ஸ்எம்எஸ் (ஆரம்ப ரேம்), எக்ஸ்எம்எக்ஸ் (அதிகபட்ச ரேம்) ரெண்டையும் 3ஜி ஆக்குங்க. கட்டளையின் கடைசியில் 'நோகுய்' சேர்த்தா சர்வரோட தனி ஜன்னலும் வராது.

சர்வர் நொடிக்கு 20 டிக் (விளையாட்டின் ஒரு கணக்குச் சுற்று) ஓடணும், ஒரு டிக்குக்கு 50 மில்லிசெகண்ட். உங்களுக்கு 53 டிக் கடன். ஆளுக்கொரு திசையில் ஓடும்போது மட்டும் வருதுன்னா காரணம் புது சங்க் (16-க்கு 16 கட்டை நிலத்துண்டு) உருவாக்கம். வியூ டிஸ்டன்ஸ் (கண்ணுக்குத் தெரியும் தூரம்) 10-னா ஒருத்தரைச் சுத்தி 21-க்கு 21, 441 சங்க். அஞ்சு பேர் பிரிஞ்சா 2,205. அதை 7 ஆக்கினா ஆளுக்கு 225, பாதியாக் குறையும். சிமுலேஷன் டிஸ்டன்ஸை (பயிர், மிருகம் இயங்கும் தூரம்) 5 ஆக்குங்க. ஆனா ஃபார்ம் கட்டினா 5 சங்க்குக்கு அப்பால நின்னா பயிர் வளராது, அதைச் சொல்லி வையுங்க.

முழுத் தீர்வு, சங்க்குகளை முன்கூட்டியே உருவாக்கி வைக்கும் சங்கி பிளகின். யாரும் இல்லாத ராத்திரியில் ரேடியஸ் 2000 கொடுத்து ஓட விடுங்க. 4000-க்கு 4000 கட்டை, 62,500 சங்க், உங்க ஐ5-க்கு நேரமாகும். பிறகு வேர்ல்டு பார்டரை 4000-ல கட்டிட்டா அதுக்கு வெளியே யாரும் போய்ப் புதுசா உருவாக்க மாட்டாங்க. நெதர் தனி உலகம், அதுக்கும் ஒரு தடவை ஓட்டணும்.

செங்கல்சூளை

பேப்பர்ல டிஎன்டி டூப்பர் (டிஎன்டி வெடியை நகலெடுக்கும் மெஷின்) இயல்பா ஓடாது, அதையும் சொல்லிடுங்க. அப்புறம் மெஷின் கட்டிட்டு சர்வர்காரரைத் திட்டுவாங்க.

கல்லுடைச்சான்

7-ம் 5-ம் போட்டேன், 3 ஜிபி. நேத்து ரெண்டு மணி நேரத்தில் அந்தச் செய்தி ஒரே தடவை. சங்கி இன்னைக்கு ராத்திரி. பேக்கப் எடுக்க சர்வரை நிறுத்தணுமா?

நெதர்வாசல்

நிறுத்தாமலும் எடுக்கலாம். 'சேவ்-ஆஃப்', அடுத்து 'சேவ்-ஆல் ஃப்ளஷ்', உலக ஃபோல்டர்கள் மூணையும் காப்பி பண்ணிட்டு 'சேவ்-ஆன்'. கடைசிக் கட்டளையை மறந்தா அதுக்கப்புறம் கட்டினது எதுவும் தானா டிஸ்க்கில் ஏறாது. நிறுத்துறதா இருந்தா 'ஸ்டாப்' தட்டுங்க, ஜன்னலின் எக்ஸை அழுத்தி மூடாதீங்க.