பழைய பென்டியம் 4 பெட்டியில் 500 ஜிபி சாட்டா டிஸ்க் தெரியவில்லை

கொட்டாஞ்சேனையான்:
அப்பா சாதகம் கணிக்கிறவர். அவற்ற மென்பொருள் பிறின்டர் போர்ட்டில குத்துற டொங்கிள் இல்லாட்டித் திறக்காது, விண்டோஸ் எக்ஸ்பியைத் தாண்டி ஓடவும் மாட்டுது. அதாலதான் பென்டியம் 4 இன்னும் வீட்டில கிடக்கு. உள்ள இருக்கிற 80 ஜிபி ஐடிஇ (பழைய இணைப்பு வகை) டிஸ்க் ரெண்டு கிழமையா டிக் டிக் எண்டுது. மதர்போர்ட்டில ரெண்டு சாட்டா (ஐடிஇக்குப் பிறகு வந்த இணைப்பு) வாய் இருக்கெண்டு பம்பலப்பிட்டியில பாவிச்ச 500 ஜிபி வெஸ்டேர்ன் டிஜிற்றல் வாங்கினன். பூட்டினா "டிடெக்டிங்" எண்டு காட்டி அப்பிடியே நிக்குது. கடைக்காரற்ற கொம்பியூட்டரில உடன தெரியுது. "உங்கட போர்ட் பழசு தம்பி" எண்டார். அது எனக்கும் தெரியும்! கேபிளும் மாத்தியாச்சு. வாற கிழமை ரெண்டு கலியாணப் பொருத்தம் பாக்கக் கிடக்கு.

வெள்ளவத்தை வாசி:
பயோஸ் பற்றரி, அதுதான் மதர்போர்ட்டில இருக்கிற வட்டப் பற்றரி, மாத்தினீங்களோ? சீஆர்2032.

கொட்டாஞ்சேனையான்:
மாத்தினன். நேரம் சரியா நிக்குது, டிஸ்க்தான் வரேல்ல.

பழைய இரும்பு:
தம்பி, போர்ட்டில டிஸ்க்குகளோட பேசுற சவுத் பிரிட்ஜ் சிப்பைப் பாருங்கோ. விடி8237 எண்டு இருந்தா விசயம் அதுதான். அதின்ர சாட்டா வேகம் செக்கனுக்கு 1.5 கிகாபிட். உங்கட டிஸ்க் 3 கிகாபிட்டில பேசத் தொடங்கும், ரெண்டும் ஒத்துவராம நிக்கும். டிஸ்க்கின்ர பின்பக்கம் நாலு சோடி ஊசி இருக்கும். 5-6 இல ஒரு ஜம்பர் (ரெண்டு ஊசியை இணைக்கிற சின்ன மூடி) குத்தினா டிஸ்க் 1.5க்கு இறங்கிடும்.

தெரிஞ்ச உடன குளோன் (பழைய டிஸ்க்கை அப்பிடியே புதுசுக்குப் பிரதி) பண்ணிப்போடாதேங்கோ. எக்ஸ்பியிட்ட அந்த சாட்டா டிரைவர் இல்லை, 7பி எண்ட பிழையோட நீலத்திரைதான் வரும். பழைய டிஸ்க்கில பூட் பண்ணி, புதுசையும் கொழுவி வச்சு டிரைவரைப் போடுங்கோ. பிறகு குளோன். முதல் தடவை பூட் பண்ணேக்க பழைய டிஸ்க்கைக் கழட்டி வையுங்கோ, இல்லாட்டி டிரைவ் எழுத்துகள் குழம்பும். பூட் வரிசையில சில போர்ட்டில இந்த சாட்டா டிஸ்க் ஸ்கசி (வேறொரு இணைப்பு வகை) எண்டுதான் வரும், சாட்டா எண்டு தேடாதேங்கோ. சேர்விஸ் பக் 1 எண்ட அப்டேட் இல்லாத எக்ஸ்பி எண்டா 137 ஜிபிக்கு மேல பாவிக்கேலாது.

கொட்டாஞ்சேனையான்:
விடி8237தான் அண்ணை! செத்த சீடி டிரைவில இருந்து ஜம்பரைக் கழட்டிக் குத்தினன், டிஸ்க் வந்திட்டுது. அவசரத்தில டிரைவர் போடாம ஒருக்கா குளோன் பண்ணினன், நீங்க சொன்ன அதே நீலத்திரை. ரெண்டாந்தரம் ஒழுங்காச் செய்தன், இப்ப ஓடுது. பூட் வரிசையில ஸ்கசிதான். அப்பா மட்டும் டொங்கிளை என்னைத் தொட விடுறாரில்லை.